இரண்டு டிஸ்பென்சரிகள்

என் கணவரும் டொக்டர், நானும் டொக்டர். கல்யாணம் கட்டிய புதிதில் ஆளுக்கொரு டிஸ்பென்சரி தொடங்கினோம். அப்படியே கொழும்பின் இரண்டு முனைகளில் எங்கள் வாழ்க்கை போனது. என்னுடையது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது. அவருடையது கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கும் இரும்புக் கடைக்கும் நடுவே அமைந்த ஒற்றை அறை. அவர் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். நான் யாழ்ப்பாணத்துக்காரி, சைவம், அவர் கத்தோலிக்கர். என்னோடு இருந்து இருந்து அவருடைய கொட்டாஞ்சேனைத் தமிழில் யாழ்ப்பாணம் பாதி கலந்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டாரும் சமாதானமாக எடுத்த காலத்தில் இன்னும் நாலு டிஸ்பென்சரி கட்டியிருக்கலாம் என்று பகிடி விடுவார்.

ஏன் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்து நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்று கேட்காதவர்கள் இல்லை. அவருடைய ஆட்கள் வெள்ளவத்தைக்கு வரமாட்டார்கள், என்னுடைய ஆட்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகமாட்டார்கள் என்பதுதான் காரணம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். பரிசோதனை முடிவுகளை ஒழுங்காக அடுக்கிய பிளாஸ்டிக் கோப்போடு வந்து, மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய சந்தேகங்களையும் வாசித்துக் காட்டுவார்கள். அவரிடம் துறைமுகத் தொழிலாளர்கள், கிளாக்கர்மார், கடைச் சிப்பந்திகள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லோரும் வருவார்கள். அவர்கள் உடம்பு வருத்தத்தைச் சொல்ல முன்னம் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். அவர் அதை முழுவதும் கேட்பார். கேட்டு முடித்து, ஒரு சின்ன மட்டையில் அரை வரி எழுதுவார். மிச்சம் தலைக்குள் இருக்கும்.

நாட்டில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்ற காலத்தில் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பிறஷருக்கு இந்த மாதம் ஒரு குளிசை கிடைக்கும், அடுத்த மாதம் அது இருக்காது. எனக்குக் காய்ச்சல் வந்தால் என் கதிரையில் இருந்து நோயாளிகளைப் பார்க்க முன்பெல்லாம் இளம் டொக்டர் ஒருவரைக் கேட்கலாம். அவர்கள் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். எங்கள் சகபாடிகள் சிலர் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமம் எங்களைப் போன்றவர்களைத் தேடி வரத் தொடங்கியது. தனித்தனியாக இருக்கும் டிஸ்பென்சரிகளை ஒரே பெயரின் கீழ் கொண்டுவருவது அவர்களுடைய திட்டம். மருந்து அவர்கள் தருவார்கள். இரத்தப் பரிசோதனை அவர்களுடைய ஆய்வுகூடத்தில் நடக்கும். நோயாளிக்கு ஒரே ஒரு கோப்பு கணினியில் இருக்கும். எந்தக் கிளைக்குப் போனாலும் அதைத் திறந்து பார்க்கலாம். இதை எங்களுக்கு விளக்குவதற்காக ஒரு முகாமையாளரை அனுப்பினார்கள். நுகேகொடையைச் சேர்ந்த சிங்களவர், நாற்பது வயதிருக்கும், அடக்கமான மனிதர். எங்களுடைய வீட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து, தேத்தண்ணீர் ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் பேசினார்.

எனக்கு விருப்பம் இருந்தது. தனியாக நின்று களைத்துப் போயிருந்தேன். என் கணவர் ஒரே சொல்லில் மறுத்தார். முகாமையாளர் போன பிறகு காரணத்தைச் சொன்னார்.

"ஏன் இந்த நோயாளியோட இவ்வளவு நேரம் கதைச்சனீர் எண்டு என்னை ஒருத்தர் கேட்கிறதுக்கு, எனக்கு இனி வயசில்லை."

நான் விட்டுவிட்டேன். தனியாகச் சேரவும் மனமில்லை. சில மாதங்கள் அப்படியே போயின.

பிறகு ஒரு நாள் முற்பகல், காலி வீதியிலுள்ள ஒரு புடவைக் கடையில் வேலைசெய்யும் பெண்ணொருத்தியை ஓட்டோவில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். கடையில் துணி மடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். உடம்பெல்லாம் வியர்வை. சொல்வது புரியாமல் விழித்தாள். இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு மெல்லக் கண் தெளிந்தாள். என்ன மருந்து குடிக்கிறாய் என்று கேட்டேன். கொட்டாஞ்சேனை டொக்டர் ஐயா தந்த வெள்ளைக் குளிசை, கிளினிக்கில் தந்த இன்னொன்று என்றாள். எந்த டொக்டர் என்று விசாரித்தால் அது என் கணவர்தான். உடனே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நோயாளி முன்னால் இருக்கும்போது அவர் தொலைபேசியைத் தொடமாட்டார். அன்றைக்கும் தொடவில்லை.

மாலையில் சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் வெளிவந்தது. அவர் சீனி வருத்தத்துக்குக் கொடுத்த அதே குளிசையை அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலும் வேறு பெயரில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வருத்தத்துக்கு என்று நினைத்து அவள் இரண்டையும் ஒழுங்காகக் குடித்து வந்திருக்கிறாள். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரே மேசையில சாப்பிடுறம். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு உதவியும் செய்யேல்லை" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் கோப்பு எந்த இணைப்பிலும் வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் விழுந்து கிடந்த அந்த நேரத்தில் நான் எதையாவது திறந்து பார்த்திருக்க முடிந்திருந்தால் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அடுத்த கிழமை அவரே முகாமையாளரை அழைத்தார்.

இரண்டு டிஸ்பென்சரிகளுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ற் அடித்தார்கள். ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை போட்டார்கள். வெள்ளவத்தையில் மாற்றம் சுலபமாகப் போனது. என்னுடைய நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டு வருவதும், கைபேசியில் முடிவு வருவதும் பிடித்திருந்தது. கொட்டாஞ்சேனையில் இழுபட்டது. வந்தவர்களிடம் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கேட்க, ஏதோ பொலிஸ் விஷயம் என்று சிலர் பயந்து திரும்பிப் போனார்கள். என் கணவர் ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடிப்பார். அடிக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று கணினியைத் தூக்கிப் பக்கவாட்டில் வைத்தார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. தலைக்குள் இருந்த பழைய கதைகளையெல்லாம், ஒவ்வொரு நோயாளியும் வர வர, அந்தக் கோப்புகளுக்குள் இறக்கி வைத்தார். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருடைய தகப்பன் எதனால் செத்தார், யார் குடியை விட்டுத் திரும்பத் தொடங்கினார் என்பதெல்லாம் ஒற்றை விரலால் உள்ளே போயின.

குழுமத்தில் சேரும் டொக்டர்கள் எல்லோரும் முழு உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காப்புறுதிக்காகக் கேட்டார்கள். நான் உடனே செய்து முடித்தேன். அவர் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் முகாமையாளர் என்னிடம் கூச்சத்தோடு நினைவூட்ட, நான் வீட்டில் சத்தம் போட, ஒரு வியாழக்கிழமை காலை தலைமை மருத்துவமனைக்குப் போனார். எனக்கு நோயாளிகள் இருந்ததால் நான் கூடப் போகவில்லை.

மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வந்திருந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் கண்ட ஞாபகமே எனக்கில்லை. குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் பக்கத்தில் நின்றார்.

"இரும்" என்று கதிரையைக் காட்டினார்.

இருந்தேன்.

"வயித்தை ஸ்கேன் பண்ணின பிள்ளையின்ர கை ஒரு இடத்தில நிண்டுது. பிறகு சுத்திச் சுத்தி அந்த இடத்துக்கே வந்துது. அதுவரைக்கும் என்னோட கதைச்சுக்கொண்டிருந்தவள், கதையை விட்டிட்டாள்."

"எவடம்?"

"கணையத்தில கட்டி. வாலடியில. ஈரலிலயும் தெரியுது."

நாங்கள் இருவரும் டொக்டர்கள் என்பதால் அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. வேறு வீடுகளில் இந்த இடத்தில் கேள்விகள் வரும். என்ன செய்யலாம், எங்கே கொண்டு போகலாம், இந்தியாவுக்குப் போனால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே கொஞ்சத் தூரம் நடந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்தத் தூரம் கிடைக்கவில்லை. நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார். மெல்பேர்னில் இருக்கும் மகளுக்கு, மிச்சப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு தானே சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் இப்போது தெரியக் கூடாது. அவர்களுக்கும் தானேதான் சொல்ல வேண்டும். ஒவ்வொருவராக, ஆறுதலாக, அடுத்த டொக்டரையும் அறிமுகப்படுத்திக்கொண்டு சொல்ல வேண்டும். நான் தலையாட்டினேன். அது எங்கள் கையில் இருக்கிற விஷயம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, என்னுடைய வெள்ளவத்தைக் கிளையின் கவுண்டரில் இருக்கும் பெண் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். குழுமம் வேலைக்கு அனுப்பிய பிள்ளை, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். சின்ன வயதில் அவளுக்கு மூச்சிழுப்பு வரும்போதெல்லாம் மருந்து கொடுத்தவர் என் கணவர். கண் சிவந்திருந்தது.

"டொக்டர், நேற்று கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் ஐயாவுக்காக மெழுகுதிரி கொளுத்தினனான்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"ஸ்கேன் ரிப்போட் பார்த்தனான். ஐயாவின்ர பேர் கண்டவுடன திறந்து பார்த்திட்டன். அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னனான், டொக்டர்."

அவளை அனுப்பிவிட்டு என் கணினியில் பார்த்தேன். அவருடைய கோப்பைத் திறக்கவில்லை. அதைத் திறக்க மனம் வரவில்லை. அதற்குப் பதில் என்னுடையதைத் தேடினேன். கவுண்டரில் உள்ளவர்கள் நுழையும் வழியால் போய்ப் பார்த்தேன். என் வயது, என் இரத்தம், என் கருப்பை எடுத்த கதை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எந்தக் கிளையில் எந்த வேலை செய்பவரும் யாருடைய கோப்பையும் பார்க்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே கோப்பு என்று முகாமையாளர் சொன்னபோது, எந்த டொக்டரும் பார்க்கலாம் என்றுதான் எங்களுக்கு விளங்கியிருந்தது.

அன்று மாலை என் கணவர் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கோயிலில் ஆசீர்வதித்த எண்ணெய்ப் போத்தல், மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு வயதானவர் ஓதிக் கொடுத்த தண்ணீர், பொன்னம்பலவாணேசர் கோயிலில் அர்ச்சனை செய்த விபூதி. துறைமுகத்தில் பாரம் ஏற்றும் ஒருவர் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்.

"வாறவை எல்லாரும் அழுதுகொண்டு வந்தினம்" என்றார். "நான்தான் ஆறுதல் சொன்னனான். ஒருத்தரும் தங்கட வருத்தத்தைச் சொல்லேல்லை."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போத்தல்களை ஓர் ஓரமாக அடுக்கினார். தன்னுடைய கதை பரவாயில்லை, எப்படியும் தெரியத்தான் போகிறது என்றார். ஆனால் அந்த ஒழுங்கைகளில் ஒரு பெண் கல்யாணத்துக்கு முன் தன்னிடம் வந்து அழுதிருக்கிறாள். ஒருவர் காசநோயை வேலைத்தளத்தில் மறைத்து வைத்து மருந்து குடித்து முடித்திருக்கிறார். ஒரு தாய்க்குத் தன் மகனுடைய இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் தெரியாது.

"அதெல்லாம் என்ர தலைக்குள்ள இருந்தது. நானே எடுத்து இதுக்குள்ள போட்டனான்" என்றார்.

அடுத்த நாளே தலைமை மருத்துவமனைக்கு இருவரும் போனோம். மேல்மாடியில் ஒரு கண்ணாடி அறை. முகாமையாளரும் கணினிப் பகுதிக்குப் பொறுப்பானவரும் இருந்தார்கள். ஒளிவுமறைவு இல்லாமல்தான் பேசினார்கள். பல இடங்களை அவசரமாக ஒன்றாக்கும்போது யாருக்கும் வேலை தடைப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் திருத்துவதாகத் திட்டம் இருக்கிறது. அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. என் கணவர் சத்தம் உயர்த்தவில்லை. திருத்தும்வரை தான் ஒரு எழுத்தும் கணினியில் போடப்போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். நானும் அதையே சொன்னேன். இணைவதற்கு விருப்பப்பட்டவள் நான் என்பதால் என் வாயிலிருந்து அது வந்தது முகாமையாளருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

என் கணவர் பழைய மட்டைகளுக்குத் திரும்பினார். செய்தி மெல்லப் பரவி, வேறு கிளைகளிலும் சில டொக்டர்கள் அப்படிச் செய்தார்கள். இதற்கிடையில் அவருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஏற்றிய அடுத்த நாட்களில் வாந்தி. வாந்தி நின்றதும் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவார்.

முகாமையாளர் ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்கே நேரில் போயிருக்கிறார். நோயாளிகளோடு வாங்கில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருந்தாராம். இதைப் பின்னர் அவரே என்னிடம் சொன்னார். அறைக்குள் போனதும் என் கணவர் அவரிடம் சிங்களத்தில், உங்களுடைய அம்மா எங்கே மருந்து எடுக்கிறார் என்று கேட்டிருக்கிறார். நுகேகொடைக் கிளையில் என்றிருக்கிறார் இவர். அம்மாவுடைய கோப்பை இப்போது இதில் நான் திறந்து பார்க்கட்டுமா, நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள் என்று என் கணவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினாராம். முகாமையாளர் எழுந்து, கையை நீட்டி, திரையை அணைத்துவிட்டார்.

"எப்பா டொக்டர்" என்று மட்டும் தன்னால் சொல்ல முடிந்தது என்றார். வேண்டாம் டொக்டர் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவர் மேலிடத்தில் யாரோடு மோதினார், என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் மாற்றம் வந்துவிட்டது. நோயாளியைப் பார்க்கும் டொக்டரும், நோயாளி சம்மதிப்பவர்களும் மட்டும்தான் கோப்பைத் திறக்கலாம். திறந்தவருடைய பெயர் அங்கே பதிந்துவிடும். கவுண்டருக்குப் பெயரும் வரும் நேரமும் மட்டும் தெரியும். என் கணவர் அதைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு, மட்டைகளில் எழுதியவற்றைத் திரும்ப ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார்.

கவுண்டர்ப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது அவர் தடுத்தார். "அவள் களவெடுக்கேல்லை. கதவு திறந்து கிடந்துது. உள்ள தன்ர ஆள் ஒண்டு விழுந்து கிடக்கிறதைக் கண்டு ஓடிப்போய்ப் பார்த்தவள்" என்று முகாமையாளரிடம் தொலைபேசியில் சொன்னார். எனக்கு அவள்மேல் அவ்வளவு இரக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அவளை நிறுத்தவில்லை. இப்போதும் என்னோடு வேலை செய்கிறாள்.

புதிய முறைப்படி ஒவ்வொரு நோயாளியிடமும், உங்கள் கோப்பை யார் பார்க்கச் சம்மதிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். என் கணவரிடமும் கேட்டார்கள். ஒரு மாலை, பல்கனியில் இருந்தபோது அதைப் பற்றிச் சொன்னார். புற்றுநோய் நிபுணர், நோவுக்கு மருந்து கொடுக்கும் நர்ஸ், தலைமை மருத்துவமனை வார்டு ஆகிய மூன்றுக்கும் சம்மதம் கொடுத்ததாகச் சொன்னார். நான் காத்துக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லவில்லை.

"என்னை?" என்று கேட்டேன்.

"உம்மைப் போடேல்லை."

கீழே கடற்கரை ரயில் ஒன்று போனது. இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தவள், அதுவும் டொக்டர். யார் யாரோ பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீர் அதைத் திறந்தா, வீட்டுக்கு வாறது டொக்டராத்தான் இருக்கும்" என்றார். "டொக்டர்மார் எனக்குப் போதுமான அளவு இருக்கினம்."

அன்று இரவு நான் அவரோடு பேசவில்லை. அடுத்த நாளும் அளந்துதான் பேசினேன். மூன்றாம் நாள் காலை, அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, அவருடைய கண் வெள்ளையில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைக் கண்டார். கண்ணைத் தாழ்த்திக் கஞ்சியை வாங்கினார். அவர் கேட்டது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதைச் செய்வது மிகக் கடினமாக இருந்தது. என்னோடு படித்த ஒருவர் அதே மருத்துவமனையில் வேலை செய்கிறார். ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லா முடிவுகளும் எனக்குக் கிடைத்திருக்கும். பல தடவை கைபேசியை எடுத்துவிட்டு வைத்தேன். அவர் சொன்னதை மட்டும் கேட்டேன். சில நாட்கள் ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நாட்களில் கால் பிடித்துவிட்டேன். பேப்பர் வாசித்துக் காட்டினேன். மகள் மெல்பேர்னிலிருந்து வந்து ஒரு மாதம் நின்றாள். மூன்று பேரும் சீட்டாடினோம். நான் தோற்கும்போதெல்லாம் அவருக்கு முகம் மலரும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் பேசியதில் பாதி யாரோ ஒருவருடைய வருத்தத்தைப் பற்றியது. அந்தக் கடைசி மாதங்களில் அந்தப் பேச்சு நின்றது. வேறு பேச்சு எங்களிடம் இருந்தது என்பது எனக்கே புதிதாக இருந்தது.

குழுமத்தின் ஒரு நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருக்குத் திடீரென்று நோவு கூடி வார்டுக்குக் கொண்டுபோன இரண்டு தடவையும், வாசலில் யாரும் எங்களை நிறுத்தி முதலிலிருந்து கதை கேட்கவில்லை. எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பது வார்டுக்கு முன்னமே தெரிந்திருந்தது. நர்ஸ் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். எக்ஸ்ரேயையும் கொப்பிகளையும் சொப்பிங் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்த எத்தனையோ மனைவிமாரை நான் என் தொழிலில் கண்டிருக்கிறேன். நான் அவர் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடிந்தது. அதற்கு அந்த இணைப்புத்தான் காரணம்.

டிஸ்பென்சரியின் வாசற்படி ஏற முடியாமல் போகும்வரை கொட்டாஞ்சேனைக்குப் போனார். தான் நினைத்தபடி ஒவ்வொருவருக்கும் தானே சொல்ல முடியவில்லை என்றாலும், தனக்குப் பிறகு வரப்போகும் இளம் டொக்டரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். அந்த இளைஞர் கெட்டிக்காரர். ஆனால் அவரும் வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அவர் போனார். மறுபடி வந்திருந்த மகள் பக்கத்தில் இருந்தாள். நானும் இருந்தேன். மூச்சு மாறியதை நான் டொக்டராகக் கவனித்தேனா, மனைவியாகக் கவனித்தேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோயிலில் பூசை முடிந்து அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோகும்போது, கொட்டாஞ்சேனையில் கடைக்காரர்கள் தாமாகவே கதவைப் பாதி இழுத்து மூடினார்கள். எல்லா மதத்துக்காரரும் பின்னால் நடந்தார்கள்.

அவர் போய் ஒரு மாதத்தில் வைத்த பூசைக்கு முகாமையாளர் வந்திருந்தார். கோயில் வளவில், சனம் கலைந்த பிறகு, தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். இளம் டொக்டருக்கு விசா வந்துவிட்டது. கொட்டாஞ்சேனைக் கிளையைப் பூட்டி, அங்குள்ளவர்களைப் பெரிய நிலையம் ஒன்றுக்கு அனுப்ப மேலிடம் யோசிக்கிறது. என் கணவர் இருந்தபோது ஒரு நோயாளிக்கு எடுத்த நேரத்தில் மற்றக் கிளைகளில் மூன்று பேரைப் பார்க்கிறார்களாம். வேறொருவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவரை அழைத்தேன். காலையில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன், வெள்ளவத்தைக்கு மாலை மட்டும் வருகிறேன், காலையில் அங்கே யாரையாவது போடுங்கள் என்றேன். என் கணவர் என்னிடம் அப்படி ஒருபோதும் கேட்டதில்லை. அவருடைய அறை பூட்டிக் கிடப்பதை நினைக்க எனக்குத்தான் முடியவில்லை. முகாமையாளர் மேலிடத்தோடு பேசி ஒரு வருடத்துக்குச் சம்மதம் வாங்கினார். அதற்குமேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். அதை அவர் மறைக்காமல் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, அடுத்த பஸ் பிடிக்கிறேன். முதல் வாரங்களில் வந்தவர்கள் என்னைப் பார்ப்பதற்காக வந்தார்கள். அவரைப் பற்றிப் பேசினார்கள், சிலர் அழுதார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவரைப் போல நேரம் எடுக்கத் தெரியாது. கேட்டுக்கொண்டே கை கணினிக்குப் போய்விடும். ஒரு கிழவர் அதைக் கண்டு, "மிஸிஸ், முதல்ல கேளுங்கோ, பிறகு அடிப்பம்" என்றார். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

இந்த மாதம், அவரை அறியாதவர்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து வருகிறார்கள். வேலைத்தளக் காப்புறுதி இந்தக் குழுமத்தில் செல்லும் என்பதால் வருகிறார்கள். நேற்றுக் காலை துறைமுகப் பண்டகசாலையில் வேலைசெய்யும் ஒருவர் மூன்று கிழமையாக விடாத இருமலோடு வந்தார். எடை குறைந்திருக்கிறது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றார், அதைச் சொல்லும்போது குனிந்துகொண்டார். எக்ஸ்ரேக்கு அனுப்பியிருக்கிறேன். வருடம் முடிய இந்த அறைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு முடிவு வரும். தனியாகக் கேட்க வேண்டாம், மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.